மூன்று கட்டைக்குக் கீழே

பெனடிக்டாவின் குரல் இரண்டு கட்டையில்தான் உட்காரும்.
என் நாலு தந்தி பேஸ்
மூன்று கட்டையோடு தரைதட்டிவிடும்.
அதற்குக் கீழே ஒரு ஸ்வரம் கேட்டால்
ஒரு ஸ்தாயி மேலே ஓடிப்போய்
மொட்டைமாடியிலிருந்து பதில் சொல்வேன்.
வானகரத்து மண்டபத்தில் கீபோர்டு ஜோயல்
தன் இடது கையைத் தூக்கிக் காட்டினான்:
"நீ டீ குடிச்சிட்டு வா. அடியில நான் பாத்துக்கறேன்."

அன்றிரவே முடிவாயிற்று. ஐந்து தந்தி.
பதினாறாயிரம். மேலே ஒரு ரூபாய் கிடையாது.
அதில் நாலாயிரம் சீட்டுப் பணம்,
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அண்ணா சாலைக் கடையில் குளிர்.
கடல்நீலத்தில் ஒன்று, பதினைந்தே முக்கால்.
கையை எடுத்ததும் அதன் தலை
கடைசி பஸ்ஸில் தூங்குகிறவன்போல்
தரையைப் பார்த்துச் சாய்ந்தது.
பரவாயில்லை, தாங்கிக்கொள்ளலாம்.
நாலு தந்திகள் ஒழுங்காகப் பேசின.
ஐந்தாவது
முடிச்சு நழுவிய துணிக்கொடி.
தான் எந்த ஸ்வரம் என்று தனக்கே தெரியாமல்
ஃப்ரெட்டில் மோதி மோதி உறுமிற்று.
"ஆம்ப்ல பேஸ் ஏத்துங்க சார், சரியாயிடும்."
ஏற்றினால் குழப்பமும் ஏறும், தம்பி.

இன்னொன்றில் தந்திகளுக்கு நடுவே இடமே இல்லை,
காலை எட்டரை மணி தாம்பரம் லோக்கல்.

மூன்றாவது சரியாக இருந்தது.
வாங்க முடியாது என்பதால்
ரொம்ப நேரம் வாசித்தேன்.
நாற்பத்திரண்டாயிரம்.
திரும்ப மாட்டும்போது கடைப்பையன்
என் விரல் தடங்களைத் துடைத்தான்.

ஞாயிறு காலை, அயனாவரம், மூன்றாவது மாடி.
ஆஸ்பத்திரி பில்லிங்கில் இரவு முடித்து வந்த சுகிர்தா
கொட்டாவியோடு கதவைத் திறந்தாள்.
கறுப்பு பேஸ். முதுகில் பெல்ட் பக்கிள் கீறிய பிறை.
ஒரு குமிழ் தொலைந்த இடத்தில்
டூத்பேஸ்ட் மூடி.
பேட்டரிப் பெட்டிக்குள் உப்புப் பூத்திருந்தது.
பதினாலாயிரம் என்றாள்.
ஆம்பைப் போட்டாள்.
கரண்ட் போயிற்று.

"இதுக்குத்தான் விக்கறேன்.
இன்வெர்ட்டர் வாங்கணும். பகல்ல தூங்கணும் நான்."

பிறகு என்ன நினைத்தாளோ,
"பீரோகிட்ட வாங்க" என்றாள்.
"தலையைக் கதவுல அழுத்திப் பிடிச்சு வாசிங்க."

நாலு தந்திகளுக்கும் பீரோ வெறும் தகரம்.
ஐந்தாவதைத் தொட்டேன், மெதுவாகத்தான்.
கைப்பிடி நடுங்கியது.
உள்ளே எங்கோ கண்ணாடி வளையல்கள்
ஒன்றையொன்று கூப்பிட்டன.
தாடையெலும்பில் ஏறி
முழங்கால் வழியாகத் தரைக்குப் போனது.
அதைச் சத்தம் என்று சொல்ல வராது.
பேசின் பிரிட்ஜில் கூட்ஸ் வருவது
காதுக்கு முன் பிளாட்பாரத்துக்குத் தெரியுமே,
அது.

கீழ் வீட்டிலிருந்து ஒரு குரல்:
"மெட்ரோக்காரன் ஞாயித்துக்கிழமையும் தோண்றானா?"

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி
மயிரிழை கூடுதல். திருப்புளி போதும்.
முகத்தில் ஒன்றும் காட்டாமல்
பதின்மூன்று என்றேன்.
பதின்மூன்றரை என்றாள்.
அவள் முகத்திலும் ஒன்றுமில்லை.

பணத்தை எண்ணி வைத்த பிறகு
"ஒரு நிமிஷம்" என்று திரும்ப வாங்கினாள்.
நின்றபடியே, கண் திறந்தபடியே,
என்னவோ வாசித்தாள்.
இம்முறை பீரோவைத் தொடவில்லை.
வயிற்றோடு அணைத்திருந்தவளுக்கு மட்டும்
அது கேட்டிருக்கும்.

ஷேர் ஆட்டோவில் முழங்கால்களுக்கு நடுவே
போர்வை சுற்றிய கழுத்து.
ஒவ்வொரு பள்ளத்திலும்
போர்வைக்குள் ஐந்தும் லேசாக முனகின,
அடித் தந்தி கொஞ்சம் தாமதமாக.

அடுத்த முகூர்த்தம் வெள்ளிக்கிழமை.
பெனடிக்டா இரண்டு கட்டையில் உட்காரட்டும்,
நான் கீழே இருப்பேன்.
ஜோயல் டீ குடிக்கப் போகலாம்.

அதற்குள் சீட்டுப் பணத்தைச் சொல்லியாக வேண்டும்.
எங்கள் வீட்டிலும் ஒரு பீரோ இருக்கிறது.
முதலில் அதனிடம்.